திரையில் கண்டிப்பான ஆசிரியர்: ஓர் அவல நகைச்சுவை மரபு

கண்டிப்பான ஆசிரியருக்கு எதிராக மாணவர்கள் கிளம்பும் கதையைச் சிரிப்பும் கசப்புமாகச் சொல்லும் படங்களுக்கு முன்னோடி, பிரெஞ்சு இயக்குநர் ழான் விகோ 1933இல் எடுத்த 'ஸேரோ த கோந்த்யீத்'. ஒழுங்கு தவறிய மாணவனின் நடத்தைக்குப் போடப்படும் பூஜ்ய மதிப்பெண்ணே படத்தின் பெயர். அந்தப் பூஜ்யம் கிடைத்தவனுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடையாது. விகோ தம் சொந்த விடுதிப்பள்ளி நாட்களிலிருந்து எடுத்த கதை இது. முடிவில் சிறுவர்கள் கூரை ஏறி, பள்ளி விழாவுக்கு வந்த பெரிய மனிதர்கள் மீது கையில் கிடைத்ததை எல்லாம் வீசுகிறார்கள். ஒரு மணி நேரம்கூட ஓடாத இந்தப் படத்துக்கு பிரெஞ்சுத் தணிக்கை தடை விதித்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகே தடை நீங்கியது. விகோ அதைப் பார்க்கவில்லை. 1934இலேயே, 29 வயதில் இறந்துவிட்டார்.

பிரிட்டிஷ் இயக்குநர் லிண்ட்சே ஆண்டர்சன் 1968இல் அதே கூரைக்குத் திரும்பினார். 'இஃப்' படத்தின் பெரும்பகுதி அவர் படித்த செல்டன்ஹாம் கல்லூரியிலேயே படமானது. பிரம்படி வாங்கிய மாணவர்கள், நிறுவனர் நாளன்று கூடிய கூட்டத்தை நோக்கிக் கூரையிலிருந்து துப்பாக்கியால் சுடுவதோடு படம் முடிகிறது. விகோவின் சிறுவர்கள் குப்பையை வீசிய இடத்தில் இவர்கள் குண்டுகளைப் பொழிகிறார்கள். அன்று அந்தக் காட்சியைப் பார்வையாளர்கள் உருவகமாகவே எடுத்துக்கொண்டார்கள். 1969 கான் திரைப்பட விழாவின் முதற்பரிசும் அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது.

அமெரிக்காவில் இந்த மரபு வேறு திசையில் வளர்ந்தது. அங்கே எதிரி பெரும்பாலும் சக மாணவர்தான். டேனியல் வாட்டர்ஸ் எழுதி மைக்கேல் லேமன் இயக்கிய 'ஹெதர்ஸ்' 1989இல் வந்தது. பள்ளியின் செல்வாக்குக் கூட்டத்தைக் கொன்றுவிட்டு அதைத் தற்கொலையாக ஜோடிக்கும் கதை அது. பள்ளியே வெடித்துச் சிதறுவதாக முதலில் எழுதப்பட்ட முடிவைத் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. திரையரங்குகளில் தோற்ற படம், வீடியோ கேசட் வழியாகத் தன் ரசிகர்களைத் தேடிக்கொண்டது.

மீண்டும் ஆசிரியரையே நடுவில் நிறுத்தியது கெவின் வில்லியம்சன் எழுதி இயக்கிய 'டீச்சிங் மிஸஸ் டிங்கிள்' (1999). 'ஸ்க்ரீம்' (1996) படத்தின் கதாசிரியராகப் புகழ் பெற்றவர் அவர். அந்தப் புகழுக்கு முன்பே எழுதிய கதை இது. பள்ளிப் பருவத்தில் ஓர் ஆசிரியை தம் எழுத்தை வகுப்பில் மட்டம் தட்டியதை அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதையின் வேர் அந்தக் காயம்தான்.

நாயகி லீ ஆன் வாட்சன், உணவகத்தில் பரிமாறும் தாயின் மகள். வகுப்பில் முதலிடம் பெற்று உதவித்தொகை வாங்கினால்தான் அவளால் கல்லூரிக்குப் போக முடியும். சேலம் நகரில் சூனியக்காரி என்று குற்றம் சாட்டப்பட்ட பெண் ஒருத்தி எழுதியதுபோல் ஒரு நாட்குறிப்பை அவள் பாடுபட்டுத் தயாரித்துக் கொண்டுவருகிறாள். வரலாற்று ஆசிரியை டிங்கிள் அதற்கு 'சி' போடுகிறார். பிறகு, திருடப்பட்ட தேர்வுத்தாள் அவள் பையில் அகப்படுகிறது. நியாயம் கேட்க இரு நண்பர்களுடன் ஆசிரியை வீட்டுக்குப் போகும் அவளுக்கு, கடைசியில் அவரைக் கட்டிலோடு கட்டிவைக்க வேண்டியதாகிறது.

படத்தின் உண்மையான பலம் இதற்குப் பிறகுதான் தெரிகிறது. டிங்கிளாக நடித்த ஹெலன் மிர்ரன், கைகால் கட்டப்பட்ட நிலையிலும் அறையைத் தன் ஆட்சியில் வைத்திருக்கிறார். ஆண்டுக்கணக்காக வகுப்பில் பார்த்த பிள்ளைகள். யாருக்கு எது வலிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒருத்தியின் பொறாமையைத் தொட்டு, இன்னொருத்தியின் பயத்தைக் கிளறி, மூவரையும் பிரிக்கிறார். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் உள்ள வேறுபாட்டை அந்த நடிப்பு துல்லியமாகக் காட்டுகிறது.

படத்தின் முதல் பெயர் 'கில்லிங் மிஸஸ் டிங்கிள்', அதாவது டிங்கிளைக் கொல்வது. 1999 ஏப்ரல் 20 அன்று கொலராடோ மாநிலத்தின் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரு மாணவர்கள் சுட்டதில் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் உயிரிழந்தார்கள். அதன் பிறகு 'கொல்வது' என்ற சொல் 'பாடம் கற்பிப்பது' என்று மாறியது. 'பஃபி' தொலைக்காட்சித் தொடரில் பள்ளி வன்முறையைத் தொட்ட இரண்டு பகுதிகளின் ஒளிபரப்பும் தள்ளிப்போனது. ஆண்டர்சனின் காலத்தில் உருவகமாக இருந்தது, இப்போது செய்தியாகிவிட்டது. கதையில் டிங்கிள் கொல்லப்படுவதே இல்லை. அவர் வேலையைத்தான் இழக்கிறார். ஆனாலும் அந்தத் தலைப்பை அப்போது விளம்பரப் பலகையில் ஏற்றியிருக்க முடியாது. மாற்றியது சரியே.

ஆகஸ்ட் 20 அன்று வெளியான படத்தை விமர்சகர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஏறத்தாழ 1.3 கோடி டாலர் செலவில் எடுத்த படம் 90 லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகவே வசூலித்தது. கொலம்பைன் சம்பவம் நடந்த அதே ஏப்ரலில் வெளியான அலெக்சாண்டர் பெய்னின் 'எலெக்ஷன்' படமும் ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையிலான போரைப் பற்றியது. யாரையும் கட்டிவைக்காமல், ஒரு மாணவர் தேர்தலை மட்டும் வைத்தே அது இன்னும் ஆழமாகக் குத்தியது. இரண்டு படங்களிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' (1986) படத்தில் பள்ளிக்கு மட்டம் போட்ட மேத்யூ பிராட்ரிக், 'எலெக்ஷன்' படத்தில் ஆசிரியர். 'பிரேக்ஃபஸ்ட் கிளப்' (1985) படத்தில் தண்டனை வகுப்பில் உட்கார்ந்த மாலி ரிங்வால்ட், டிங்கிள் பணியாற்றும் பள்ளியில் ஊழியர்.

திரைக்கதையின் பிற்பகுதி தளர்ந்ததே டிங்கிள் படத்தின் குறை. ஒரே ஒருவர் போடும் மதிப்பெண் ஏழைப் பெண்ணின் எதிர்காலத்தை அடைத்துவிட முடியும் என்று காட்டும் அதன் முதல் அரைமணி நேரம் மட்டும் இன்றும் நிற்கிறது.