துப்பாக்கிக்கு வயதாகலாம், தோட்டாவுக்கு வயதாகக் கூடாது



அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பக்கத்து வீட்டுப் பெரியவர் குறி சுடும் போட்டிக்கு வைத்திருந்த இரண்டு ரைபிள்களை விற்கிறார். இரண்டுமே நல்ல கம்பெனி. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கின்றன. ஒன்று ஒரே வாரத்தில் போய்விட்டது. இன்னொன்றை யாரும் சீண்டவில்லை. கேலிபர் வேறு என்கிறார்கள். அது அவ்வளவு முக்கியமா?"

முக்கியம்தான். ஆனால் ஏன் என்று விளங்க வேண்டுமானால் 160 ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கேலிபர் என்றால் என்ன? துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். ஆங்கிலேயர் அதை அங்குலத்தில் சொன்னார்கள். ஐரோப்பாவின் மற்ற நாடுகள் மில்லிமீட்டரில் சொன்னன. நாம் "த்ரீ நாட் த்ரீ" என்கிறோமே, அது ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் 303 பங்கு. என்.சி.சி. முகாமில் உங்களில் பலர் தரையில் படுத்துச் சுட்டது .22.

ஆனால் விட்டம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் .30-06 தோட்டாவிலும் .308 தோட்டாவிலும் குண்டின் விட்டம் ஒன்றேதான். பித்தளைக் கூட்டின் நீளம் முதலாவதில் 63 மி.மீ., இரண்டாவதில் 51 மி.மீ. ஒன்றுக்குச் செய்த ரைபிளில் மற்றதைப் போட்டுச் சுடக் கூடாது. ஆக, ஒவ்வொரு ரைபிளும் ஒரே ஒரு வகைச் சாப்பாட்டைத்தான் சாப்பிடும். அந்தச் சாப்பாடு கடையில் கிடைக்கிறதா? போட்டி விதியில் அதற்கு இடம் உண்டா? சட்டம் அதை அனுமதிக்கிறதா? பழைய ரைபிளுக்கு ஆள் வருவதும் வராததும் இந்த மூன்று கேள்விகளில்தான் இருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1860 ஜூலையில் லண்டனுக்கு அருகே விம்பிள்டன் திடலில் பிரிட்டனின் தேசிய ரைபிள் சங்கம் தன் முதல் போட்டியை நடத்தியது. முதல் குண்டைச் சுட்டவர் விக்டோரியா ராணி. தாங்கியில் பொருத்தி வைத்த விட்வொர்த் ரைபிள், தூரம் 400 கெஜம். குண்டு இலக்கின் நடுப்புள்ளியை ஒட்டியே விழுந்தது. அப்போது படையில் இருந்தது .577 அளவுள்ள என்ஃபீல்டு. 1857 சிப்பாய் எழுச்சிக்குக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டா என்று பாடத்தில் படித்தோமே, அது இந்தத் துப்பாக்கிக்கானதுதான். ஜோசப் விட்வொர்த் அதைவிடச் சிறிய .451 அளவில், அறுகோண வடிவக் குழலோடு ஒரு ரைபிள் செய்தார். குறி சுடுவதில் அது என்ஃபீல்டைத் தோற்கடித்தது. ஆனால் விலை அதிகம், குழலில் கரியும் சீக்கிரம் படியும். படை அதை ஏற்கவில்லை. படை ஏற்காத தோட்டாவை அரசுத் தொழிற்சாலை மலிவாகக் கோடிக்கணக்கில் செய்து தராது. விட்வொர்த்தின் குழல் இன்று அருங்காட்சியகத்துக்கும் சேகரிப்பாளர்களுக்கும் உரியது. நல்ல துப்பாக்கி என்பது வேறு, வாழும் துப்பாக்கி என்பது வேறு என்பதற்கு இது முதல் உதாரணம்.

1888இல் பிரிட்டிஷ் படை .303 தோட்டாவை எடுத்துக்கொண்டது. 1890இல் போட்டித் திடலும் விம்பிள்டனிலிருந்து பிஸ்லிக்கு மாறியது. அதன் பிறகு ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் .303இன் ஆட்சிதான். லண்டன், ஒட்டாவா, சிட்னி, கல்கத்தா என்று எங்கே போனாலும் ஒரே தோட்டா. நம் நாட்டில் டம்டம் தொழிற்சாலையிலும் செய்தார்கள். அந்தக் காலத்தில் ஒருவர் தன் .303 போட்டி ரைபிளை விற்க நினைத்தால் ஆள் தேட வேண்டியதில்லை. பேரரசு எங்கும் அதற்குச் சாப்பாடு இருந்தது.

பிறகு நேட்டோ நாடுகள் கூடி 7.62 மி.மீ. தோட்டாவைப் பொது அளவாக ஏற்றன. 1957 முதல் பிரிட்டிஷ் வீரர்களின் கைக்கு அந்த அளவில் புதிய ரைபிள் வந்தது. பிஸ்லியில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியாளர் எல்லோரும் சங்கம் கொடுக்கும் ஒரே வகைத் தோட்டாவைத்தான் சுட வேண்டும். படைக்கான .303 உற்பத்தி குறையக் குறைய, 1960களின் இறுதியில் முக்கியப் போட்டிகள் 7.62க்கு மாறின.

முப்பது ஆண்டு பழகிய ரைபிளை வைத்திருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அதில் ஒரு பழுதும் இல்லை. 1,000 கெஜத்தில் சுடும்போது பழைய லீ-என்ஃபீல்டுக்குத் தனிச் சிறப்பே உண்டு. சுடும்போது அதன் உடல் இலேசாக வளைந்து அதிரும். வேகம் குறைந்த குண்டு சற்று மேல்நோக்கியும் வேகம் மிகுந்த குண்டு சற்றுக் கீழ்நோக்கியும் வெளியேறும். இதனால் தோட்டாவுக்குத் தோட்டா உள்ள வேக வித்தியாசம் தூரத்தில் போய்ச் சமனாகிவிடும். இப்படிப்பட்ட கருவி ஒரு விதி மாற்றத்தால் முக்கியப் போட்டிகளுக்கு வெளியே நின்றது. சிலர் பழைய உடலில் 7.62 குழலை மாட்டிக்கொண்டார்கள். பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் அந்த வேலையைச் செய்தன. மாற்றாமல் வைத்திருந்தவருக்கு வாங்குபவர் குறைந்தார்கள்.

காலம் இன்னொரு முறையும் திரும்பியது. பழைய படைத்துப்பாக்கிகளுக்கென்றே தனிப் போட்டிகள் வந்தன, சேகரிப்பாளர்களும் வந்தார்கள். இவர்கள் தேடுவது கை வைக்காத, பிறந்த கோலத்தில் உள்ள .303. அன்று அவசரப்பட்டு மாற்றியவர்கள் இந்தச் சந்தைக்கு வெளியே நின்றார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். .30-06 என்ற பெயரில் 30 என்பது விட்டம், 06 என்பது 1906ஆம் ஆண்டு. 1907 முதல் ஓஹையோ மாநிலத்தின் கேம்ப் பெரியில் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே பல பத்தாண்டுகள் .30-06தான் ராஜா. 1935இல் பென் கம்ஃபர்ட் என்பவர் .300 ஹாலந்து அண்டு ஹாலந்து மேக்னம் என்ற பெரிய தோட்டாவால் 1,000 கெஜ விம்பிள்டன் கோப்பையை வென்றார். உடனே அந்த அளவுக்கு மவுசு கூடியது. வின்செஸ்டர் நிறுவனம் தன் மாடல் 70 வரிசையில் .300 மேக்னத்துக்குக் கனமான போட்டி ரைபிளே செய்தது. இன்று அந்தத் தோட்டாவைச் செய்பவர்கள் மிகச் சிலர். விலையும் அதிகம். அந்த ரைபிளைத் தேடுபவர் பெரும்பாலும் சேகரிப்பாளர், போட்டியாளர் அல்லர். 1952இல் கடைக்கு வந்த .308 இன்றும் எல்லாக் கடையிலும் இருக்கிறது. 1990களில் படைத்துப்பாக்கிப் பிரிவுப் போட்டிகளில் அதையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அதிர்வு குறைந்த சிறிய .223 முன்னுக்கு வந்தது. 2007இல் ஹார்னடி நிறுவனம் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவைக் குறி சுடும் போட்டிக்கென்றே கொண்டுவந்தது. 1874இல் அமெரிக்க அணி அயர்லாந்து அணியை வென்ற நியூயார்க் திடலின் பெயர்தான் கிரீட்மூர். இன்று அந்த அளவில் பழைய ரைபிள் வந்தால் கேட்பார் நிறைய.

கேட்பார் நிறைய என்றால் விலையும் தானாகக் கூடுமா? அங்கேதான் வாங்குபவர் இன்னொரு கேள்வி கேட்பார்: "இதுவரை எத்தனை குண்டு சுட்டீர்கள்?"

ஒவ்வொரு முறை சுடும்போதும் எரியும் மருந்தின் வெப்பம் குழலின் தொடக்கப் பகுதியை அரிக்கிறது. சிறிய துளை வழியாக நிறைய மருந்து எரிந்து போனால் அரிப்பும் அதிகம். .308 குழல் போட்டித் தரத்தில் ஏறக்குறைய 5,000 குண்டு தாங்கும் என்பார்கள். 6.5 கிரீட்மூர் 2,000 முதல் 3,000 வரை. ஆக, 2,500 குண்டு சுட்ட .308 நடுவயதுக்காரர். அதே எண்ணிக்கை சுட்ட 6.5 ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். அதை வாங்குபவர் புதுக் குழலின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுவார். வெளியே பளபளப்பாக இருப்பதால் இந்தக் கணக்கு மாறாது.

தோட்டாவைத் தாமே நிரப்பிக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் பார்ப்பது குண்டு கிடைக்குமா என்பதை. .308 விட்டத்தில் போட்டித் தரக் குண்டுகள் ஏராளம். .303 என்று பெயர் இருந்தாலும் அதன் குண்டின் விட்டம் .311. அந்த விட்டத்தில் நல்ல போட்டிக் குண்டுகள் கொஞ்சம்தான். மூன்றே மூன்று ஆயிரத்தில் ஒரு பங்குதான் வித்தியாசம். கடை அலமாரியில் அது பெரிய வித்தியாசமாகிவிடுகிறது.

இத்தனை மாற்றத்திலும் அசையாமல் நிற்பது .22. 1887இல் அமெரிக்காவில் பிறந்த .22 லாங் ரைபிள் தோட்டா இன்றும் அதே அளவு. போயர் போரில் பட்ட அடிக்குப் பிறகு, சாதாரண மக்களும் குறி சுடப் பழக வேண்டும் என்று ராபர்ட்ஸ் பிரபு வலியுறுத்தினார். பிரிட்டன் முழுவதும் சிறுதுப்பாக்கிச் சங்கங்கள் தோன்றின. ஓய்வு பெற்ற மார்ட்டினி படைத்துப்பாக்கிகளுக்கு .22 குழல் பொருத்தி அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தார்கள். 300 மீட்டர் பெரிய ரைபிள் போட்டி 1972 மியூனிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து விடைபெற்றது. 50 மீட்டர் .22 இன்றும் இருக்கிறது. 2024 பாரிஸில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அந்தப் பிரிவில்தான். .22 தோட்டா மலிவு, அதிர்வு இல்லை, குழலும் எளிதில் தேயாது. தாத்தாவின் .22ஐப் பேத்தி சுடலாம்.

இனி மூன்றாவது கேள்வி, சட்டம். பிரிட்டனில் ரைபிள் வாங்குபவரின் சான்றிதழில் இன்ன கேலிபர் என்றே எழுதியிருக்கும். ஆசைப்பட்டதற்காக வேறு அளவை வாங்கிவிட முடியாது. ஆகவே அபூர்வமான அளவை விற்பவருக்கு வாங்கத் தகுதியுள்ளவர்களே கொஞ்சம் பேர்தான்.

இந்தியாவில் இந்தக் கதை இன்னும் ஆழமானது. 1857ஐ ஆங்கிலேயர் மறக்கவே இல்லை. பழைய மார்ட்டினி-ஹென்றி ரைபிள்கள் இங்கே பலர் கையில் போயிருந்தன. அவற்றின் குழல் .450. வேட்டைக்கென்று வரும் .450 தோட்டாக்களின் குண்டு அவற்றுக்குப் போய்விடுமோ என்று அஞ்சி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அந்த அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இந்தியாவுக்குக் கொண்டுவரத் தடை விதித்தார்கள். லண்டன் துப்பாக்கி நிறுவனங்களுக்கு இந்தியா பெரிய சந்தை. உடனே .465, .470, .475 என்று புதுப் புது அளவுகள் பிறந்தன. விலங்கு மாறவில்லை, வேட்டைக்காரர் மாறவில்லை. ஓர் அரசின் அச்சம் மட்டுமே அளவை மாற்றியது.

படையின் .303ஐயும் பொதுமக்கள் கையில் விடவில்லை. சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959 ஆயுதச் சட்டத்தின் விதிகளும் .303, 7.62 போன்ற அளவுகளைத் தடைசெய்யப்பட்ட பட்டியலிலேயே வைத்தன. அதனால்தான் உரிமம் பெற்றவர்களுக்காக இஷாப்பூர் தொழிற்சாலை .315 என்ற தனி அளவில் ரைபிள் செய்தது. லீ-என்ஃபீல்டு குடும்பத்தைச் சேர்ந்ததுதான், குழல் மட்டும் வேறு. அதே இஷாப்பூர், 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 அளவில் படைக்கு ஒரு ரைபிள் செய்தது. அந்த 2ஏ1 ரைபிள்கள் உபரியாக அமெரிக்கா போய், இன்று அங்கே கைமாறுகின்றன. நம் தொழிலாளி செய்த ரைபிளை அமெரிக்கக் குடிமகன் வாங்கலாம், செய்த ஊரில் இருப்பவர் வாங்க முடியாது. காரணம் குழலின் அளவு.

குடும்பத்தில் யாராவது பெரியவர் விட்டுப்போன உரிமத் துப்பாக்கி இருந்தால் ஒரு வார்த்தை. எந்த நாடாக இருந்தாலும் முதல் வேலை காவல்துறைக்கோ உரிமம் வழங்கிய அலுவலகத்துக்கோ தெரிவிப்பது. விற்பதென்றால் உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான். குழலில் பொறித்த அளவை மட்டும் நம்ப வேண்டாம். இடையில் யாராவது அளவை மாற்றியிருக்கலாம். துப்பாக்கி மெக்கானிக் ஒருவர் பார்த்து உறுதி செய்யட்டும். எத்தனை குண்டு சுட்டது என்ற குறிப்பேடு இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு ஆள் வரவில்லை என்றால், "அப்பா ஏமாந்து வாங்கிவிட்டார்" என்று நினைக்காதீர்கள். அவர் வாங்கிய நாளில் அது சரியான தேர்வாகவே இருந்திருக்கும். அவரைச் சுற்றி இருந்த ஏற்பாடுதான் மாறிவிட்டது.

விட்வொர்த் முதல் இஷாப்பூர் வரை வரலாறு சொல்வது ஒன்றே. எஃகையும் மரத்தையும் ஒருவர் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். தோட்டாவைத் தொழிற்சாலையும் போட்டி விதியும் அரசும் சேர்ந்துதான் தர வேண்டும். துப்பாக்கி யார் வீட்டில் இருந்தாலும், அதன் வாழ்வு தோட்டாவை வைத்திருப்பவர் கையில் இருக்கிறது. ஆங்கிலேயர் அதை நன்றாகப் புரிந்துகொண்டுதான் நம்மை ஆண்டார்கள்.

என்.சி.சி.யில் .22 சுட்ட பிள்ளைகள் தங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். எத்தனை குண்டு அட்டையில் பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்