வாழ்நாள் முழுதும் உழைக்கும் விரியலாக்கி

வீட்டிலிருந்து இசை கேட்போர் இசைத்தட்டைப் பற்றிப் பேசுவர்; ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசுவர்; பாடகரின் குரல்நயத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவர். இவற்றுக்கெல்லாம் நடுவில் நின்று உழைக்கும் ஒரு பெட்டியைப் பற்றி, அது பழுதுபடும் நாள் வரையில், எவரும் வாய் திறப்பதில்லை. கடைக்காரர் அதனை அம்பிளிபயர் என்பார். நமது பௌதிகப் பாடநூல்கள் அதற்கு விரியலாக்கி என்று பெயரிட்டுள்ளன. இசைத்தட்டின் ஊசியிலிருந்து புறப்படும் மிக நுண்ணிய மின்சைகையை, ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கத்தக்க வலுவுடையதாக்கித் தருவதே அதன் தொழில்.

இத்தகைய கருவியொன்றை ஒருமுறை வாங்கி வாழ்நாள் முழுதும் வைத்திருக்க இயலுமா? இயலுமாயின், எதைப் பார்த்து அதனைத் தெரிவு செய்வது? கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஆராய்வதிலும் பார்க்க, இக்கருவி வளர்ந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்பது அதிக பயன் தரும் என்பது என் எண்ணம்.

1906ஆம் ஆண்டில் லீ டி பொரெஸ்ற் என்னும் அமெரிக்கர் மூன்று மின்வாய்களையுடைய வால்வை ஆக்கினார். மெல்லிய மின்சைகையைப் பெருக்கும் ஆற்றல் மனிதனுக்கு அதனோடு வாய்த்தது. ஆயினும், பெருக்கும்போதே அச்சைகையைச் சற்றுத் திரித்துவிடும் குணமும் வால்வுக்கு உண்டு. ஒரு வால்வின் திரிபு பொறுக்கத்தக்கதாய் இருக்கலாம். நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியில் வழிநெடுக விரியலாக்கிகளை வைக்கும்போதோ, முதலாவதன் பிழையை இரண்டாவது பெருக்கித் தன் பிழையையும் அதனோடு சேர்த்து மூன்றாவதிடம் கையளிக்கும். மறுமுனையில் இருப்பவர் கேட்பது நண்பரின் குரலா, தகரத்தின் ஓசையா என்று ஐயுறும் நிலை ஏற்பட்டது. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹரல்ட் பிளாக் என்னும் இளம் பொறியியலாளர் இச்சிக்கலோடு பல ஆண்டுகள் போராடினார்.

1927ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 2ஆம் திகதி காலையில், வேலைக்குச் செல்வதற்காக அவர் ஹட்சன் நதியைப் படகிற் கடந்துகொண்டிருந்தார். அப்பொழுது அவர் உள்ளத்தில் விடை தோன்றியது. கையிலே வேறு தாள் இல்லை. நியூ யோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் ஒரு பக்கத்திலேயே படத்தையும் சமன்பாட்டையும் வரைந்து முடித்தார். விரியலாக்கியின் வெளியீட்டில் ஒரு சிறு பங்கை எடுத்து, அதனைத் தலைகீழாக்கி, மீண்டும் உள்ளீட்டுக்கே கொண்டுவந்து சேர்ப்பது என்பதே அந்த விடை. மறைப் பின்னூட்டல் என்று இதனைக் கூறுவர். பிரதி பண்ணும் மாணவன் ஒவ்வொரு வரி எழுதியதும் மூலத்தோடு ஒப்புநோக்கி, பிழையை அப்போதைக்கப்போதே திருத்திக்கொண்டு போவதை இதற்கு உவமையாகக் கூறலாம். எழுதும் வேகம் குறையும். எழுத்து திருத்தமாக அமையும். அவ்வாறே விரியலாக்கியின் பெருக்கமும் குறையும். திரிபும் ஏறக்குறைய அதே விகிதத்திற் குறையும்.

அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே வீணாக்குவதா என்று அக்காலத்து அறிஞர் பலர் ஐயுற்றனர். 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இன் இறுதியிலேதான் கிடைத்தது. ஓயாது தானே இயங்கும் யந்திரத்தைச் செய்துவிட்டதாகச் சொல்லி வருவோரை நடத்துவது போலவே தம்மையும் பிரித்தானியக் காப்புரிமை அலுவலகம் நடத்தியதெனப் பிளாக் பிற்காலத்தில் எழுதினார்.

தொலைபேசிக்கெனப் பிறந்த இவ்வுபாயத்தை இசைக்கு முழுமையாகப் பயன்படுத்தியவர்கள் ஆங்கிலேயரும் ஸ்கொத்லாந்தியருமே. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலே ஹரல்ட் லீக் என்பார், திரிபு நூற்றுக்குப் பத்திலொரு பங்கே உடையது என்று கூறி, 'பொயின்ற் வன்' என்ற பெயருடன் ஒரு விரியலாக்கியை வெளியிட்டார். 1947ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் 'வயர்லெஸ் வேர்ள்ட்' சஞ்சிகையில் டி. ரி. என். வில்லியம்சன் என்னும் ஸ்கொத்லாந்து இளைஞரின் கட்டுரை வந்தது. 15 வாற்று வலு. கேரி 66 என்னும் வால்வுகள் இரண்டு. திரிபு அதே பத்திலொரு பங்குக்கும் கீழே. சுற்றுப்படத்தை அவர் மறைத்து வைக்கவில்லை. எந்தத் தடையி எவ்வளவு, நிலைமாற்றியின் சுருள்களை எத்தனை பிரிவாகச் சுற்றுவது என்பன யாவும் அச்சிலே இருந்தன. போருக்குப் பிந்திய தட்டுப்பாட்டுக் காலத்தில், உலகின் பல நாடுகளிலும் வானொலிப் பொழுதுபோக்காளர் அதனைப் பார்த்துத் தம் வீட்டு மேசைகளிலேயே விரியலாக்கிகளைக் கட்டினர். ஒரு கருவியைத் தாமே கட்டியவருக்கு அதனைத் திருத்துவதற்கு எவர் கையையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை அல்லவா? இந்த வரலாற்றில் நான் மிகவும் விரும்பும் பகுதி இதுவே.

இனி, நமது வினாவுக்கு நேரான விடையைத் தரும் மனிதரிடம் வருவோம். பீற்றர் வோக்கர் 1936இல் இலண்டனில் ஒரு சிறு கம்பனியை ஆரம்பித்தார். போர்க்கால விமானக் குண்டுவீச்சில் அவரது தொழிலகம் சேதமுற்றமையால், 1941இல் ஹண்டிங்டன் என்னும் சிற்றூருக்கு இடம்பெயர்ந்தார். தரமான வீட்டு விரியலாக்கி அலகு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் நான்கின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் தம் கருவிக்குக் 'குவாட்' என்று பெயர் சூட்டினார். 1953இல் வந்த குவாட் இரண்டு என்பது 15 வாற்று வலுவுடையது. நான்கு வால்வுகளும், மின்னோட்டத்தை நேராக்கும் வால்வு ஒன்றும், இரண்டு கனத்த நிலைமாற்றிகளும், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில தடையிகளும் கொள்ளளவிகளும் தவிர அதனுள்ளே வேறு அதிகம் இல்லை. வலுவை மட்டும் கூட்டித் தந்து, தன்னுடையதென எதையும் இசையிற் சேர்க்காத வெறுங்கம்பி போல விரியலாக்கி இருத்தல் வேண்டும் என்பது வோக்கரின் கொள்கை.

ஆண்டுதோறும் புதிய மாதிரியை வெளியிடுவது வியாபார வழக்கம். வோக்கர் அதற்கு உடன்படவில்லை. 1947இன் இறுதியில் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிற்றர் பிறந்து, 1963இல் லீக் கம்பனி திரான்சிற்றர் விரியலாக்கியைப் பிரித்தானியச் சந்தைக்குக் கொண்டுவந்த பின்னரும் அவர் அவசரப்படவில்லை. அக்காலத்துத் திரான்சிற்றர் விரியலாக்கிகள் பலவற்றில், மெல்லிய இசை ஒலிக்கும் வேளையிலேதான் திரிபு மிகுதியாகத் தெரியும். காது அதனை விரைவிலே கண்டுகொள்ளும். அக்குறையை நீக்கும் சுற்று கைவந்த பின்னரே, 1967இல், 303 என்னும் மாதிரியை வெளியிட்டார். ஒரு பக்கத்துக்கு 45 வாற்று. வெளியீட்டுத் திரான்சிற்றர் ஒன்று பழுதுபட்டாலும் நேரோட்டம் ஒலிபெருக்கிக்குச் சென்று அதனை எரித்துவிடாதபடி இடையிலே பெரிய கொள்ளளவி ஒன்று காவல் நின்றது. 1985 வரை, பதினெட்டு ஆண்டுகள், அதே மாதிரி விற்பனையாயிற்று. இடையில் 1975இல் 405 வந்தது. வால்விலிருந்து திரான்சிற்றர் வரை வீட்டுக்கான வலு விரியலாக்கிகள் மூன்று. அவற்றை வெளியிட எடுத்த காலம் இருபத்திரண்டு ஆண்டு!

இம்மூன்றிலும் எது சிறந்த ஒலியைத் தரும் என்று வினவினால், புதியதே என்று எந்த விற்பனையாளரும் கூறுவார். வால்வே என்று பழமையிற் காதல் கொண்டோர் கூறுவர். இவ்வழக்கைத் தீர்க்கும் பரிசோதனைக்கு வோக்கரின் கம்பனியே வழிவகுத்தது. ஒலியியல் அறிஞரான ஜேம்ஸ் மோயர் அதனை நடத்தி, 1978ஆம் ஆண்டில் 'வயர்லெஸ் வேர்ள்ட்' சஞ்சிகையில் முடிவை வெளியிட்டார். குவாட் இரண்டு, 303, 405 ஆகியவற்றின் ஒலியளவைச் சமப்படுத்தி, எது ஒலிக்கின்றது என்பதைத் தெரிவியாது, பழகிய காதுடையோர் சிலரைக் கேட்கச் செய்தனர். குருட்டாம்போக்கில் ஊகித்தால் கிடைக்கக்கூடிய அளவினும் மேலாக அவர்களால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. தம் புதிய பொருள் தம் பழைய பொருளினும் இனிமையானதன்று என்று காட்டும் பரிசோதனையைச் செய்வித்து, அதன் முடிவு ஊரறிய அச்சேறுவதையும் ஏற்றுக்கொண்ட வியாபாரிகளை நான் அதிகம் அறியேன்.

ஒவ்வொன்றையும் அதனதன் வலுவின் எல்லைக்குள் வைத்தே சோதித்தனர் என்பதை மறத்தலாகாது. எல்லையைக் கடந்து முடுக்கினால் எந்த விரியலாக்கியும் அலறும். ஆனால் அவ்வெல்லை வீட்டுக்கு எவ்வளவு தேவை? வலுவை இரட்டித்தால் ஒலி மட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். காதுக்கு ஒலி இருமடங்காகத் தோன்றவேண்டுமாயின் ஏறக்குறையப் பத்து மடங்கு வலு வேண்டும். ஆகவே 50 வாற்றுக்கும் 100 வாற்றுக்கும் இடையில் விலைச்சீட்டிலே தெரியும் வேறுபாடு காதிலே அவ்வளவாகத் தெரியாது. நடுத்தர அளவுள்ள அறையில், சாதாரண ஒலிபெருக்கிகளோடு, 50 வாற்று ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

சிறந்த ஒலி என்னும் சிக்கல் 1953 அளவிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிட்டதாயின், வாங்குவோர் நோக்க வேண்டியது வேறு எதனை? கருவி எவ்வாறு முதுமையடைகின்றது என்பதனை என்பேன். நிலைமாற்றியும் உலோகச் சட்டமும் மனித ஆயுளுக்கு நின்றுபிடிக்கும். வால்வு தேயும், அதனைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். கேரி 66 வால்வை முதலில் ஆக்கிய பிரித்தானியத் தொழிலகம் அதனைக் கைவிட்ட பின்னரும், ரஷ்யாவிலும் சீனாவிலும் அதே வால்வு செய்யப்பட்டு வந்துள்ளது. பெரும்பாலும் முதலில் மூப்பெய்துவது மின்பகு கொள்ளளவியே. அதனுள்ளிருக்கும் ஈரம் உலர உலர அது செயலிழக்கும். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் அதன் ஆயுள் அரைவாசியாகக் குறையும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. பழைய கருவிகளில் அதனைப் பற்றாசுக்கோலால் அகற்றிப் புதியதை வைப்பது பழகிய தொழில்நுட்பவியலாளருக்கு ஒரு நாள் வேலை. இந்நாட் கருவிகள் சிலவற்றிலோ, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய உறுப்புகளை நெருக்கி ஒட்டிய பலகையைப் பலகையாகவே மாற்றவேண்டும். அப்பலகையைச் செய்வது நின்றுவிட்டால் கருவியும் முடிந்தது.

ஆகையால் வாங்கும் முன்னர் கேட்கவேண்டியன சில உள. இதன் சுற்றுப்படம் கிடைக்குமா? மூடியைத் திருகாணி கழற்றித் திறக்க இயலுமா? பத்து ஆண்டுக்கு முன் இதே கம்பனி விற்ற கருவியை இன்று எவர் திருத்துகின்றார்? இவற்றுக்கு விடை தரத் தயங்குபவரிடம் அதன் வாற்றுக் கணக்கைப் பற்றி விசாரிப்பதில் பயனில்லை. இணையவழி இசையைப் பெறும் பகுதியையும் விரியலாக்கியையும் ஒரே பெட்டியில் அடைத்து விற்பதும் இன்று பெருவழக்கு. கைக்கு எளிதுதான். எனினும் முன்னதன் ஆயுள் மென்பொருளைப் புதுப்பிப்போரின் விருப்பத்தில் தங்கியது. பின்னதன் ஆயுள் உலோகத்திலும் உழைப்பிலும் தங்கியது. இரண்டையும் வெவ்வேறாக வாங்குவதே நலம்.

குவாட் கம்பனியும் 1997இல் வேறு கைக்கு மாறி, அதன் உற்பத்தி சீனாவுக்குச் சென்றது. ஆயினும் பழைய கருவிகளைத் திருத்தும் பகுதி ஹண்டிங்டனிலே தொடர்ந்தது. தாம் 1950களில் செய்தவற்றை அரை நூற்றாண்டு கடந்த பின்னும் ஏற்றுத் திருத்திக் கொடுத்தனர். 2024இல் 303 என்னும் பழைய பெயரோடு புதிய விரியலாக்கி ஒன்றையும் வெளியிட்டனர். வெளித்தோற்றம் பழையதை நினைவூட்டும். உள்ளிருப்பது வேறு சுற்று. பெயரைக் கண்டு மயங்காது, நான் மேலே கூறிய வினாக்களை அதனிடத்தும் கேட்பதே முறை.

பழைய கருவியை வாங்க விரும்பும் நம் நாட்டவருக்கு ஒன்றிரண்டு கூறலாம். பிரித்தானியக் கருவிகள் நமது 230 வோல்ற்று மின்னோட்டத்தோடு பெரிதும் இணங்குவன. அமெரிக்காவிலே விற்பனைக்குச் செய்யப்பட்டவை ஏறத்தாழ 117 வோல்ற்றுக்கு உரியன. அவற்றுக்குத் தனி நிலைமாற்றி வேண்டும். வால்வுக் கருவியினுள் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் நிலவும். ஆளியை அணைத்த பின்னரும் கொள்ளளவிகளில் அது சிறிது நேரம் தங்கியிருக்கும். எனவே பழகாதவர் மூடியைத் திறத்தல் உயிருக்கு ஆபத்து. நமது வெப்பத்தில், வால்வுக் கருவியைக் காட்டிலும் 303 போன்ற குளிர்ந்து நிற்கும் திரான்சிற்றர்க் கருவி அமைதியாக முதுமையடையும் என்பது என் தீர்ப்பு. வால்வின் செவ்வொளியை விரும்புவோர் என்னோடு கோபித்துக் கொள்ளாதிருப்பார்களாக. எதுவாயினும், பெட்டியின் மேல் பூச்சாடியையோ துணிவிரிப்பையோ வைத்துக் காற்றுத் துளைகளை மூடுதல் கூடாது. இளஞ்சூட்டை நாடிப் பல்லியும் கரப்பானும் உள்ளே குடிபுகும். ஆண்டுக்கு ஒருமுறையாவது தெரிந்தவரைக் கொண்டு திறந்து துப்புரவு செய்வித்தல் வேண்டும். இடி முழங்கும் மாலையில் மின்செருகியைக் கழற்றிவிட வேண்டும். சுற்றுப்படத்தின் பிரதியொன்றையும், எந்த ஆண்டில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது என்ற குறிப்பையும் ஓர் உறையிலிட்டுக் கருவியோடு சேர்த்து வைத்திருந்தால், அடுத்த முறை அதனைத் திறப்பவருக்குப் பாதி வேலை மிச்சம்.