மூசைக்குள் அடங்கிய கணக்கு

கொங்கு நாட்டின் பழந்தொழில்களை ஆராயப் புகுவோர், நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணலை விலக்கிச் செல்ல இயலாது. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சுட்டும் இவ்வூரில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள், மணிக்கற்களை இழைத்த பட்டறைகளோடு இரும்புலைகளின் எச்சங்களையும் வெளிக்கொணர்ந்து, உலைத்தொழில் இம்மண்ணில் எத்துணைப் புராதனமானது என்பதை நிலைநாட்டின.

அத்தொழிலின் சிகரம் உருக்கு. சேலத்து இரும்புக்கல்லைக் கொண்டு பறங்கிப்பேட்டையில் 19-ஆம் நூற்றாண்டில் ஆலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர், நம் கொல்லர்களின் முறையை விரிவாக எழுதிவைத்தார். தேனிரும்பைத் துண்டுகளாக்கி, அதன் எடையில் பத்திலொரு பங்கு உலர்ந்த ஆவாரங்கட்டையை நறுக்கிச் சேர்த்து, மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதி ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் காய்ச்சுவர். ஆறியபின் உருக்குக் கட்டியின் மேற்பரப்பில் நடுவினின்று வரிகள் பிரிந்தோடினால் காரியம் சித்தி, துளைபட்டிருந்தால் பழுது.

இதிலுள்ள கணக்கை நுணுகி நோக்குவோம். ஒரு கிலோ இரும்பில் ஆவாரங்கட்டையிலிருந்து 15 கிராம் கரிமம் சேர்ந்ததெனக் கொள்வோம். உருக்குக்குக் கடினத்தன்மை அளிக்கும் சிமென்டைட் என்ற சேர்மத்தில், 12 கிராம் கரிமத்துக்கு 168 கிராம் இரும்பு, அதாவது ஒன்றுக்குப் பதினான்கு, என்பதே பிரமாணம். இரும்பு முழுவதும் சேர்மமாக வேண்டுமாயின் 71 கிராமுக்கு மேல் கரிமம் தேவை. இருப்பதோ 15 கிராம். அது 210 கிராம் இரும்பைப் பற்றி 225 கிராம் சேர்மமாகித் தீர்ந்துபோக, எஞ்சிய 790 கிராம் இரும்பு இரும்பாகவே நிற்கும். இரும்பை எவ்வளவு கூட்டினும் சேர்மம் கூடாது. எடையில் அற்பமான கரிமமே இங்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. களிமண் மூடியின் அவசியமும் இதனால் விளங்கும்: காற்றுப் புகுந்தால் அச்சிறு கரிமமும் எரிந்தொழிந்து, விளைவு முழுதும் கெடும்.

வினைப்படு பொருள்களின் பிரமாணத்தை அளக்கும் சாஸ்திரத்தை ஜெர்மானிய ரசாயன அறிஞர் ரிக்டர் 1792-இல் பெயரிட்டு வகுக்கத் தொடங்கினார். நம் கொல்லர்களோ, கரிமம் என்ற தனிமத்தை அறியாமலே, அதன் அளவை விறகின் எடையால் ஆண்டனர். கோவையின் வார்ப்படச் சாலைகளில் இன்றும் கரிமத்தின் அளவு முதலிற் சோதிக்கப்படுவனவற்றுள் ஒன்றாகும். ஆதலின், கொங்கு நாட்டு ஆசிரியர்கள் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்ற பாடத்தைப் போதிக்குங்கால், ஆவாரங்கட்டையையும் மண்மூசையையும் முதல் உதாரணமாக மாணவர்முன் வைப்பார்களாக.