கரைந்த மருந்து கரைந்தே இருக்குமா? எண்ணெய்வழி மருந்துகளை அளக்கும் முறை குறித்து

நீரில் கரையாத மருந்தை எண்ணெயும் பால்மமாக்கியும் கலந்த கரைசலாக்கி கேப்ஸ்யூலில் அடைத்தால், அது குடலில் தானே நுண்துளிகளாகப் பிரியும். துளி சிறுத்தால் உட்கிரகிப்பு உயரும் என்று கருதி, துளியின் நானோமீட்டர் அளவையே வெற்றியின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கம் இத்துறையில் வேரூன்றியிருக்கிறது. அந்த அளவுகோல் போதாது என்பதே என் வாதம். எண்ணெய் செரிக்கும்போதும் மருந்து கரைந்த நிலையில் நீடிக்கிறதா என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

துளியளவை நம்புவோர் சைக்ளோஸ்போரினைச் சான்று காட்டுவர். மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமல் காக்கும் இம்மருந்து குறைந்தால் உறுப்பு போகும். மிகுந்தால் சிறுநீரகம் கெடும். 1983இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அதன் முந்தைய தயாரிப்பான சாண்டிமியூன் எண்ணெய்க் கரைசல்தான். ஆனாலும் கல்லீரல் மாற்று நோயாளர் சிலரிடம் 10 விழுக்காட்டுக்கும் குறைவாகவும், சிறுநீரக மாற்று நோயாளர் சிலரிடம் 89 விழுக்காடு வரையிலும் அது உட்கிரகிக்கப்பட்டது. அதன் எண்ணெயைப் பிரித்துக் கரைக்கப் பித்தநீர் தேவை. கல்லீரல் அறுவைக்குப் பின் பித்தநீரைக் குழாய்வழி வெளியேற்றும் நோயாளிக்கு அது குடலில் கிடைப்பதில்லை. 1995இல் வந்த அதே மருந்தின் புதிய தயாரிப்பான நியோரல் நுண்பால்மமாகப் பிரிவதால் பித்தநீரைச் சார்ந்திருப்பது வெகுவாகக் குறைந்தது. சராசரி உயர்ந்ததைவிட, ஆளுக்கு ஆள் இருந்த ஏற்றத்தாழ்வு தணிந்ததே நோயாளிக்குப் பெரிய நன்மை என்பேன்.

ஆயினும் இவ்வெற்றியைப் பொதுவிதியாக்க முடியாது. டானசோல் என்ற மருந்தைக் கொண்டு பீகிள் நாய்களில் செய்து 2007இல் வெளியான ஆய்வில், கொழுப்பைக் குறைத்துப் பால்மமாக்கியைக் கூட்டக் கூட்ட உட்கிரகிப்பு குறைந்தது. காரணம் விளங்கக்கூடியதே. கணைய நொதியான லைபேஸ் கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகவும் மோனோகிளிசரைடாகவும் உடைக்கிறது. இவை பித்த உப்புகளோடு சேர்ந்து உருவாக்கும் மைசெல்களே பிறகு மருந்தைத் தாங்கி நிற்கின்றன. கேப்ஸ்யூலில் மருந்தைக் கரைத்து வைத்திருந்த பால்மமாக்கியோ நீரில் நீர்த்துப் போகிறது. அதன் எஸ்டர் பிணைப்புகளை நொதிகள் அறுக்கவும் செய்கின்றன. கொழுப்பு குறைவென்றால் மைசெல்களும் குறையும். தாங்க ஆளில்லாத மருந்து வீழ்படிவாகிறது. முதலில் துளி எவ்வளவு நுண்மையாக இருந்தது என்பது அப்போது உதவுவதில்லை.

ஆகவே செயற்கைச் செரிமானச் சோதனையைத் துளியளவுக்கு முன்னே வைக்க வேண்டும். காரமிட்டு அமிலகாரநிலையை மாறாமல் காத்து, கணையச் சாற்றுடன் செய்யும் இச்சோதனை ஆய்வகங்களுக்குப் புதிதல்ல. இதற்கு வலுவான மறுப்பும் உண்டு: கண்ணாடிக் கலத்தில் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் குடற்சுவர் இல்லை, எனவே அங்கே வீழ்படிவு மிகையாகத் தெரியும். மறுப்பு சரியே. ஆனால் அது சோதனையைக் கைவிடச் சொல்லவில்லை. வீழ்படிவின் தன்மையையும் பார்க்கச் சொல்கிறது. சின்னரிசின் என்ற மருந்து இச்சோதனையில் படிகமாகாமல் ஒழுங்கற்ற திண்மமாகவே படிகிறது; அந்நிலையில் அது விரைந்து மீண்டும் கரையும். எவ்வளவு படிந்தது என்ற எண்ணோடு, படிந்தது படிகமா இல்லையா என்ற எக்ஸ்-கதிர்ச் சான்றையும் ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் தர வேண்டும்.