ஊட்டிவிட்டால் சுழியம்: சமூகத் திறனை அளந்த கதை

லாச்சப்பல் தமிழ்க் கடைகளிலிருந்து சென் மார்த்தன் கால்வாய்ப் பக்கமாக நடந்தால் கிராஞ்ஜ்-ஓ-பெல் வீதி வரும். 1905இல் அங்கிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் உளவியலாளர் அல்பிரெட் பினே ஓர் ஆய்வுகூடம் தொடங்கினார். அதே ஆண்டில் அவரும் மருத்துவர் தியோடோர் சிமோனும் 30 சோதனைகள் கொண்ட அறிவுத்திறன் அளவுகோலை வெளியிட்டார்கள். வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளில் எவருக்குச் சிறப்புக் கல்வி தேவை என்று கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு மாறாத ஒன்று என்ற எண்ணத்தைப் பினே 1909இல் கண்டித்து எழுதினார். 1911இல் இறந்துபோனார்.

அதற்குள் அளவுகோல் கடல் கடந்துவிட்டது. 1908இல் ஐரோப்பா வந்த ஹென்றி கொடார்ட் அதை அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் உள்ள வைன்லாந்து பயிற்சிப் பள்ளிக்குக் கொண்டுபோனார். அந்தப் பள்ளியில் பின்னர் ஆய்வுப் பொறுப்பேற்ற எட்கார் டோல் ஒரு குறையைக் கண்டார். அறிவு எண் குறைந்த சிலர் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே நடத்தினார்கள். அந்த எண் மட்டும் அதைச் சொல்லவில்லை. ஆகவே 1935இல் 117 கேள்விகளோடு வைன்லாந்து சமூக முதிர்ச்சி அளவுகோலை வெளியிட்டார். பிள்ளையை மேசையில் இருத்திச் சோதிக்காமல், அவனை நன்கறிந்தவரிடம் கேட்பதே அவர் முறை. செய்ய முடியுமா என்பதல்ல, வழக்கமாகச் செய்கிறானா என்பதே கேள்வி.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1943இல், லியோ கானர் ஓட்டிசமுள்ள 11 பிள்ளைகளை விவரித்தார். டோலின் அளவுகோல் ஓட்டிசத்துக்காகப் பிறந்ததல்ல. 1984இல் சாலி ஸ்பாரோவும் கூட்டாளிகளும் அதைப் புதுப்பித்த பிறகே ஓட்டிச ஆய்வில் பரவியது. அறிவு எண்ணைக்கொண்டு எதிர்பார்ப்பதைவிடச் சமூகப் பகுதியில் புள்ளி மிகவும் குறைவதை 1987இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு சமூகம் ஒளிந்திருக்கிறது. டோலின் பட்டியலில், சண்டா குளோசை உண்மை என்று நம்புவதை விடுவதும் ஒரு படி. ரொட்டியில் தடவ மேசைக்கத்தி பிடிப்பது இன்னொரு படி. நாக்பூரில் ஏ. ஜே. மாலின் இந்தியாவுக்கென்று தழுவியபோது, 15 வயது வரைக்கும் 89 கேள்விகளாக அது சுருங்கியது. 2009இல் இந்தியா தனக்கென்று 40 கேள்விகளில் ஓர் ஓட்டிச அளவுகோலை உருவாக்கியது. 70 புள்ளியிலிருந்து ஓட்டிசம் என்று கணக்கு. அதிலும் கண்ணோடு கண் பார்ப்பது பற்றிய கேள்வி உண்டு. பெரியவர்கள் முன் தலை குனிவதை அடக்கம் என்று கற்பித்த வீடுகள் எங்களுடையவை.

தெரிந்த குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க இங்கே சில சந்திப்புகளுக்குப் போயிருக்கிறேன். புதிய வைன்லாந்தில் வழக்கமாகச் செய்தால் 2, சிலவேளை செய்தால் 1, செய்யாவிட்டால் 0. ஏழு வயதிலும் சோறு குழைத்து ஊட்டும் தாய்க்கு அது பாசம். தாளில் அது சுழியம். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. நாலு பேர் முன் பிள்ளையைக் குறைத்துச் சொல்லக்கூடாது என்று, "அவன் எல்லாம் தன்பாட்டில செய்வான்" என்கிறார் தகப்பன். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பள்ளியில் உதவியாளர் வேண்டுமா என்று முடிவெடுப்பவர்கள் அந்தப் பதிலைப் படிக்கிறார்கள். ஒரு பொய்ப் பெருமையால் உதவி கிடைக்காமல் போகலாம்.

2012இல், தானும் ஓட்டிசமுள்ள பிரித்தானியச் சமூகவியலாளர் டேமியன் மில்டன், குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்று வாதிட்டார்: ஓட்டிசமுள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதுபோலவே மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார். இந்நாட்டுக்கு வந்த புதிதில் பிரெஞ்சுக் காரியாலயங்களில் நின்ற எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கணினித் தொழிலில் நான் கற்ற ஒன்று: எண்ணைப் பார்க்குமுன் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பார்க்கவேண்டும். அளவுகோலை வேண்டாம் என்று தள்ளுவது வசதியுள்ளவர்களுக்குத்தான் கட்டும். அந்தத் தாள் இல்லாமல் உதவி கேட்பது கடினம். வீட்டில் நடப்பதை நடப்பதுபோலவே சொல்லுங்கள். ஊட்டினால் ஊட்டுகிறோம் என்றும், அது எங்கள் வழக்கம் என்றும், கையை விட்டால் அவன் என்ன செய்கிறான் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க இருத்தாமல் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். தம்பியைப் பற்றிய சுழியங்களை அக்காவின் வாயால் சொல்லவைப்பது அவளுக்கும் பாரம்.