துடிப்பு மின்காந்தப்புல சிகிச்சையும் டெராஹெர்ட்ஸ் கருவிகளும்: முனிர்கா ஆய்வுகளை முன்வைத்து ஒரு வரலாறு

கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் எழுந்தெழுந்து அடங்கும். அந்தப் புலத்துக்குள் கையையோ காலையோ தலையையோ வைத்து நோய் தீர்க்க முயல்வது துடிப்பு மின்காந்தப்புல சிகிச்சை. மருத்துவர்கள் ‘பி.இ.எம்.எஃப்.’ என்பார்கள். இதில் துடிப்பு நொடிக்குச் சில முதல் சில ஆயிரம் வரை இருக்கும். டெராஹெர்ட்ஸ் முற்றிலும் வேறு. நுண்ணலைக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட இந்த அலை நொடிக்குப் பத்தாயிரம் கோடி முதல் பத்து லட்சம் கோடி முறை அதிர்கிறது. ஒன்று உடம்பை ஊடுருவிச் செல்லும், மற்றது தோலிலேயே நின்றுவிடும். இன்று இரண்டையும் ‘அலை சிகிச்சை’ என்று ஒரே மேசையில் வைத்து விற்கிறார்கள். நோயாளிக்கு நேரும் குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

மருத்துவத்தில் இந்தப் புலம் நுழைந்தது எலும்பு வழியாக. 1957-இல் ஜப்பானின் ஃபுகாடாவும் யசூதாவும் அழுத்தத்துக்கு உள்ளாகும் எலும்பில் மின்னழுத்தம் பிறப்பதைக் காட்டினார்கள். எலும்பு மின்சாரத்தை உண்டாக்குகிறது என்றால், மின்சாரம் எலும்பை வளர்க்குமா? நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பாசெட் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அறுவை செய்து மின்வாய் பதிக்காமல், வெளியிலிருந்து சுருளின் மூலமே எலும்புக்குள் மின்னோட்டத்தைத் தூண்டலாம் என்பது அவர் குழுவின் வழி. 1974-இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகள் வந்தன. 1979-இல், கூடாமல் நின்றுபோன எலும்பு முறிவுகளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. நோயாளிகள் மாவுக்கட்டின் மேல் சுருளைப் பொருத்திக்கொண்டு நாளில் பல மணி நேரம், மாதக்கணக்கில் இருக்க வேண்டியிருந்தது.

மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் எலும்பு தானாகவே கூடாதா? இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கர் குழு இதைச் சோதித்தது. கால் எலும்பு கூடாத 16 பேரில் 9 பேருக்கு வேலை செய்யும் கருவி, 7 பேருக்கு வெறும் டம்மி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. 24 வாரத்தில் முதல் குழுவில் 5 பேருக்கும் இரண்டாவதில் 5 பேருக்கும் எலும்பு கூடியிருந்தது. 1984-இல் ‘லான்செட்’ வெளியிட்ட இந்தச் சிறு ஆய்வு அன்றைய உற்சாகத்துக்குக் கடிவாளம் போட்டது. 2011-இல் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு நான்கு சோதனைகளை, மொத்தம் 125 நோயாளிகளை, அலசிவிட்டு, பயன் இருக்கலாம், ஆனால் உறுதி சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. பார்க்கரோ 1985-இலேயே மிக வலுவான ஒற்றைத் துடிப்பால் மூளையை வெளியிலிருந்து தூண்டிக் காட்டினார். அந்த வழியில் வந்த காந்தத் தூண்டல் சிகிச்சை, 2008-இல் மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று இந்தியப் பெரு மருத்துவமனைகளிலும் அது உண்டு.

இந்தியாவில் சென்னை முன்னோடிகளுள் ஒன்று. சாரதா சுப்பிரமணியமும் உடன் ஆய்வாளர்களும் துடிக்கும் காந்தப்புலம் விலங்குகளின் உடலியக்கத்தையும் மனித உடலியக்கத்தையும் எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்து 1984-இல் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் புவனகிருஷ்ணன் குழு மூட்டழற்சி உண்டாக்கிய எலிகளுக்கு 5 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 5 துடிப்பு), 4 மைக்ரோ டெஸ்லா புலத்தை 90 நிமிடம் கொடுத்து வீக்கம் குறைவதை 2007-இல் பதிவு செய்தது. அந்தப் புலம் சென்னையில் எப்போதும் நம்மைச் சூழ்ந்திருக்கும் புவியின் காந்தப்புலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான்.

மலை மந்திர் முருகனைத் தரிசிக்கப் போகும் தில்லித் தமிழர்கள் நன்கறிந்த பேட்டை முனிர்கா. அதை ஒட்டியுள்ள ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் புலத்தில் ஜிதேந்திர பெஹாரி உயிர் மின்காந்த ஆய்வுக்கூடம் நடத்திவந்தார். சினைப்பை நீக்கி எலும்புத் தேய்வு உண்டாக்கிய எலிகளுக்கு, 14 மெகாஹெர்ட்ஸ் அலையை 16 ஹெர்ட்ஸ் துடிப்பில் செலுத்திய அவர் குழுவின் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. எலும்பின் தாது இழப்பைத் தடுக்க முடியுமா என்பதே கேள்வி. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உடலியங்கியல் துறையோடும் இவர்கள் சேர்ந்து உழைத்தார்கள். தண்டுவடம் அடிபட்ட எலிகளுக்கு 50 ஹெர்ட்ஸ், சுமார் 18 மைக்ரோ டெஸ்லா, நாளுக்கு 2 மணி நேரம் என்று அளந்து கொடுத்துப் பார்த்தார்கள்.

இதே ஆய்வுக்கூடம் மறுபக்கத்தையும் பார்த்தது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. கேசரியும் பெஹாரியும் 50 கிகாஹெர்ட்ஸ் அலையை நாளுக்கு 2 மணி நேரம் வீதம் 45 நாள் எலிகளுக்குச் செலுத்தி, மூளைச் செல்களின் டி.என்.ஏ. இழைகள் அதிகம் முறிந்ததாக 2009-இல் எழுதினார்கள். ஓர் எலி ஆய்வை வைத்து மனிதருக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் குணம் தேடிய அதே கையால் கேட்டையும் தேடியது ஆய்வின் நேர்மை. அலை, அளவு, நேரம் மூன்றையும் எழுதி வைத்ததால்தான் அதை மறுக்கவோ ஏற்கவோ பிறரால் முடியும்.

அந்த 50 கிகாஹெர்ட்ஸ் டெராஹெர்ட்ஸின் வாசற்படி. ஜகதீஷ் சந்திர போஸ் 1895-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் 60 கிகாஹெர்ட்ஸ் அலையை இரண்டு சுவர்களைக் கடந்து 23 மீட்டர் தூரம் அனுப்பி மணி அடிக்கவும் வெடிமருந்து வெடிக்கவும் செய்தார். 1970-களில் சோவியத் நாட்டில் தேவ்யாத்கோவ், கோலாந்த் ஆகியோர் மில்லிமீட்டர் அலைகளை மருத்துவத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். அதற்கு மேலுள்ள உண்மையான டெராஹெர்ட்ஸ் அலையை உண்டாக்குவது வெகுகாலம் கடினமாக இருந்தது. லேசர் முறைகள் வளர்ந்த பிறகே ஆய்வுக்கூடங்களுக்கு அது எட்டியது. தோல் புற்றுநோயின் எல்லையைப் படம் பிடிக்க அதைச் சோதித்தார்கள். அங்கேயும் தோலோடு நின்றதற்குக் காரணம் தண்ணீர். டெராஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் அப்படியே விழுங்கிவிடும். உடம்பில் ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டாது. சிறுநீரகத்தையும் கணையத்தையும் அது குணமாக்கும் என்று விற்பவர் இந்த ஒரு தடையைப் பற்றிப் பேசுவதில்லை.

வீடுகளில் கூட்டம் கூட்டி விற்கப்படும் ‘டெராஹெர்ட்ஸ்’ கோல்களைத் தொட்டுப் பார்த்தால் சூடான காற்று வருவது தெரியும். சூடுள்ள எந்தப் பொருளும், 37 டிகிரி வெப்பமுள்ள நம் உடம்பு உட்பட, சிறிது டெராஹெர்ட்ஸ் கதிரை வீசிக்கொண்டேதான் இருக்கிறது. இதமான சூட்டால் வலி சற்று அடங்குவது உண்மை. அதற்குப் பெரும் பணம் வேண்டாம். ‘டெராஹெர்ட்ஸ் கல்’ என்று விற்கும் பளபளப்பான வளையம் பெரும்பாலும் சுத்திகரித்த சிலிக்கான். பனிக்கட்டி மேல் வைத்ததும் அது வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கும், கூட்டம் கைதட்டும். கண்ணாடியைவிட நூறு மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், விரலின் சூட்டைப் பனிக்கு விரைவில் கொண்டுசேர்க்கிறது. அலுமினியத் தட்டும் இதைச் செய்யும்.

பி.இ.எம்.எஃப். என்ற ஒரே பெயருக்குள்ளும் அளவு எங்கெங்கோ போகிறது. அடையாறு எலிகளுக்கு 4 மைக்ரோ டெஸ்லா, எலும்புச் சுருளில் சுமார் 2 மில்லி டெஸ்லா, மூளைத் தூண்டலில் 2 டெஸ்லா வரை. முதலுக்கும் கடைசிக்கும் ஐந்து லட்சம் மடங்கு வேறுபாடு. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்குக் காட்டுவது பிழை. காந்தப்புலப் பாய்களையும் படுக்கைகளையும் வைத்திருக்கும் நலவாழ்வு நிலையங்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கின்றன.

இந்தியச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் போன்றவற்றைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டம் தடுக்கிறது. 2017-இன் மருத்துவக் கருவி விதிகளும், எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்தாகக் கருதும் 2020-ஆம் ஆண்டு அறிவிக்கையும் இருக்கின்றன. கருவியை விற்க வருபவரிடம் உரிம எண்ணையும், புலத்தின் அளவையும், எந்த நோய்க்கு அனுமதி என்பதையும் எழுத்தில் கேளுங்கள். பேஸ்மேக்கரோ செவிக்குள் பொருத்திய மின்கருவியோ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் காந்தப்புலக் கருவிகளின் பக்கம் போகக் கூடாது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் சாப்பிடும் மாத்திரையை எந்த அலைக்காகவும் நிறுத்தாதீர்கள்.