சிறுநீரகத்தைப் பார்த்த கண்கள்

காய்ச்சலோடு வரும் கைக்குழந்தைக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. சிறுநீரகத்தில் தொற்று என்றாலும் அது அழும், பால் குடிக்க மறுக்கும், அவ்வளவுதான். ஆகவே குழந்தைகளின் விஷயத்தில் மருத்துவம் கண்ணை நம்பியாக வேண்டியிருக்கிறது. அந்தக் கண் குழந்தையை எப்படியெல்லாம் வருத்திப் பார்த்தது என்பது நாம் அதிகம் பேசாத வரலாறு.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபோது எலும்பு தெரிந்தது. சிறுநீரகத்தின் உட்புறம் தெரியவில்லை. 1906இல் ஹைடல்பர்க் நகரில் ஃபோல்க்கரும் ஃபான் லிக்டன்பர்கும் வெள்ளி கலந்த கரைசல் ஒன்றைக் கீழிருந்து மேலாகக் குழாய் வழியே செலுத்திப் படமெடுத்தார்கள். படம் கிடைத்தது. ஆனால் அந்த வெள்ளி சிறுநீரகத்தைப் புண்ணாக்கியது. சில நோயாளிகள் இறந்தும் போனார்கள்.

அடுத்த மாற்றம் பசுமாட்டிலிருந்து வந்தது என்றால் நம்புவது கடினம். மாட்டின் மடிநோய்க்காக ஜெர்மானிய வேதியியலாளர்கள் உருவாக்கிய அயோடின் மருந்துகளின் வரிசையை மோசஸ் ஸ்விக் என்ற அமெரிக்க இளைஞர் ஹாம்பர்கிலும் பெர்லினிலும் சோதித்துப் பார்த்தார். அவற்றில் ஒன்றை இரத்த நாளத்தில் ஏற்றினால், சிறுநீரகமே அதை வடித்தெடுத்துத் தன் உருவத்தைத் தானே காட்டிக்கொடுத்தது. 1929இல் இது அறிவிக்கப்பட்டபோது புகழின் பெரும்பங்கு லிக்டன்பர்குக்குப் போயிற்று. ஸ்விக்குக்கு உரிய மரியாதை 1960களில்தான் கிடைத்தது. ஆய்வுக்கூடங்களில் இது புதிய கதையன்று.

குழாய் இல்லை, ஊசி மட்டும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல எக்ஸ்ரே படங்கள். அதன் விலையை 1958இல் ஆலிஸ் ஸ்டீவர்ட் விரிவாக எழுதினார். கர்ப்பத்தில் எக்ஸ்ரே எடுக்கப்பட்ட தாய்மாரின் பிள்ளைகளுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்கு என்றார். பலர் நெடுநாள் ஏற்கவில்லை. அதே 1958இல், கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் உடனுழைத்தோரும் உடலுக்குள் ஒலியலையை அனுப்பி எதிரொலியால் வரைந்த படங்களை வெளியிட்டார்கள். உலோகத்தில் விரிசல் தேடும் தொழிற்சாலைக் கருவியின் வழித்தோன்றல் அது. கதிர்வீச்சில்லாமல், வெறும் பசை தடவி, தாயின் மடியிலேயே குழந்தையைப் பார்க்கும் வழி அப்படித்தான் திறந்தது.

இங்கே கதை முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேல்நோக்கித் திரும்பி ஓடுவதற்கும் சிறுநீரகத் தழும்புக்கும் உள்ள தொடர்பை 1960இல் ஹாட்சனும் எட்வர்ட்ஸும் காட்டினார்கள். அந்தத் திரும்பலைச் சாதாரண ஸ்கேன் தவறவிட்டுவிடும். எனவே கதீட்டர் நுழைத்து, சாயம் நிரப்பி, குழந்தை சிறுநீர் கழிக்கும்போதே எக்ஸ்ரேயில் பார்க்கும் பரிசோதனை பரவியது. ஆடையில் நனைக்கக் கூடாது என்று அண்மையில்தான் கற்றுக்கொண்ட மூன்று வயதுப் பிள்ளையை, அந்நியர் சூழ மேசைமேல் படுக்கவைத்து, இப்போது போ என்கிறோம். கதிர்வீச்சைவிட இதுவே பெரிய வன்முறை என்று நமக்குத் தோன்றுகிறது.

1990களில் ஐரோப்பாவில் சாயத்துக்குப் பதில் நுண்குமிழிகள் வந்தன. இரத்தச் சிவப்பணு அளவே உள்ள வாயுக்குமிழிகள் ஒலியலையை வலுவாக எதிரொலிக்கும். அவை மேலேறினால் திரையில் மின்னும். எக்ஸ்ரே தேவையில்லை. பழைய முறையோடு இதை ஒப்பிட்டு 1999இல் வந்த முக்கிய ஆய்வொன்று அதே ஹைடல்பர்கிலிருந்து வந்தது. அமெரிக்கா 2016இல்தான் இதற்கு அனுமதி அளித்தது.

இதற்கிடையே இன்னொரு கேள்வியும் எழுந்தது: எல்லாக் குழந்தைக்கும் இந்தச் சோதனை வேண்டுமா? 2007இல் பிரிட்டனும் 2011இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பும் முதல் தொற்றுக்கே இதை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றன. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில், திரும்பல் உள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் தந்த நுண்ணுயிர்க்கொல்லி மீண்டும் தொற்று வருவதைப் பாதியாகக் குறைத்தது, தழும்புகளைக் குறைக்கவில்லை. தேடிக் கண்டுபிடித்த நோய்க்குச் செய்த வைத்தியம் எதைக் காத்தது என்ற விவாதம் ஓயவில்லை.

குமிழிகளைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்துவதும் கதீட்டர் வழியாகத்தான். 1906இன் அந்தக் குழாய் மட்டும் இன்னும் விலகவில்லை.